யாழ்ப்பாணத்துக் கல்வியாளருக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர்க் கல்வியாளர்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத ஆசைப்படுகிறவர்கள் பல திசைகளிலிருந்தும் வருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், பழைய மாணவர் சங்கத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு தந்தையின் பழைய கோப்புகளைத் தேடி எடுக்கும் பிள்ளைகள். ஆர்வத்தோடு எழுதிய கட்டுரை நீக்கப்பட்டதும் பலர் மனம் நொந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பேராசிரியர் முப்பது ஆண்டுகள் கற்பித்தார். நூற்றுக்கணக்கானோரை ஆளாக்கினார். இது போதாதா?

அவருடைய பெருமைக்குப் போதும். கட்டுரைக்குப் போதாது. கலைக்களஞ்சியம் மனிதரின் மதிப்பை எடை போடுவதில்லை. அவரோடு உறவோ வேலைத் தொடர்போ இல்லாதவர்கள் அவரைப் பற்றியோ அவருடைய ஆய்வைப் பற்றியோ விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்களா என்று மட்டுமே பார்க்கிறது. விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர் யார் என்று வாசகருக்குத் தெரியாது. ஆகவே அவருடைய சொல்லை நம்பும்படி வாசகரைக் கேட்க முடியாது. ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் ஏற்கனவே அச்சில் வந்த ஒரு சான்று நிற்க வேண்டும்.

நல்லாசிரியர்கள் பலர் தாள்களில் தடம் பதிக்காமலே போய்விடுகிறார்கள். வகுப்பறையில் நடந்தது மாணவர்களின் நினைவில் தங்குகிறது, ஏட்டில் ஏறுவதில்லை. இது எனக்கும் வருத்தந்தான். அந்த வருத்தத்தைத் தீர்க்கும் வழி ஆதாரத்தைத் தேடுவது, இல்லாவிட்டால் உருவாக்குவது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

"பேராசிரியர்" என்ற பதவியே ஒரு தகுதி இல்லையா?

இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று படிகள் உண்டு. வெளியீடுகள், கற்பித்தல், நிர்வாகப் பணி ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டுப் பதவி உயர்வு தருகிறார்கள். அது பல்கலைக்கழகம் தன் ஊழியருக்குச் செய்யும் மதிப்பீடு. அந்த உயர்வைப் பெற்ற ஒருவரின் ஆய்வு அவருடைய துறையில் எதை மாற்றியது என்பது வேறு கேள்வி. வாழ்நாள் பேராசிரியர் என்ற சிறப்பும் அப்படியே. மதிப்பானது, தனித்து நின்று கட்டுரையைத் தாங்காது.

மறுபக்கமும் உண்டு. பேராசிரியர் ஆகாமலே பெரும் ஆய்வு செய்தவர்கள் இருக்கிறார்கள். கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது இணைப் பேராசிரியராகத்தான் இருந்தார்.

அப்படியானால் அளவுகோல்தான் என்ன?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது யாருக்கும் பொதுவானது: சார்பற்ற, நம்பகமான மூலங்கள் பல அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது கல்வியாளருக்கென்றே வகுக்கப்பட்டது. ஆய்வாளர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது குறைவு, அவர்களுடைய செல்வாக்கு பிறருடைய ஆய்வுக்குள் மறைந்து கிடக்கிறது என்பதால் ஆங்கில விக்கிப்பீடியாவினர் எட்டு அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றேனும் நம்பகமான சான்றோடு பொருந்தினால் போதும். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் வழிகாட்டலைத் தானே முடிவு செய்கிறது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் தன் சமூகமும் தன் உரையாடல்களும் உண்டு. ஆனாலும் யோசிக்கத் தொடங்க இந்த எட்டும் நல்ல துணை.

ஆய்வு தன் துறையில் குறிப்பிடத்தக்க தாக்கத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்பது முதலாவது, முக்கியமானதும் அதுவே. அடுத்து, தேசிய அல்லது சர்வதேச அளவில் மிக உயர்ந்த விருது. பிறகு, தேர்ந்தெடுத்து மட்டுமே சேர்க்கும் அறிஞர் கழகமொன்றில் உறுப்பினராகத் தெரிவாவது. இலண்டன் அரச கழகம் அப்படிப்பட்டது. சந்தா கட்டினால் யாரும் சேரக்கூடிய தொழில்சார் சங்கம் அப்படிப்பட்டதன்று. பல நிறுவனங்களின் உயர்கல்வியை மாற்றிய பணி, பெயர் சூட்டப்பட்ட சிறப்புப் பேராசிரியர் இருக்கை, பல்கலைக்கழகத்தின் அல்லது பெரிய அறிஞர் கழகமொன்றின் உச்ச நிர்வாகப் பதவி, கல்வியாளர் என்ற நிலையில் நின்று கல்வியுலகுக்கு வெளியே ஏற்படுத்திய பெரும் தாக்கம், நிலைபெற்ற ஆய்வுச் சஞ்சிகையொன்றின் பிரதம ஆசிரியர் பொறுப்பு ஆகியவை மற்றவை.

நம்மவர்களை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். மானிடவியலாளர் ஸ்ரான்லி தம்பையா ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பெயர் சூட்டப்பட்ட இருக்கையில் இருந்தார், 1997ஆம் ஆண்டு பல்சான் பரிசு பெற்றார். ஒன்று போதும் என்கிற இடத்தில் அவருக்கு இரண்டு. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1952 முதல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார், 1964ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். சஞ்சிகை ஆசிரியர் என்று பார்த்தாலும் பொருந்துகிறார், பல நாடுகளில் தமிழாய்வை ஊன்றியவர் என்று பார்த்தாலும் பொருந்துகிறார். இத்தகையோரைப் பற்றி யாரும் வாதாடப் போவதில்லை. சிக்கல் எல்லாம் அடுத்த வரிசையில்தான்.

துறையில் "தாக்கம்" என்பதை எப்படிக் காட்டுவது?

பேராசிரியர் அ. துரைராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் அவரைத் துணைவேந்தராக அறிந்தவர்களே அதிகம். 1988 முதல் 1994 வரை, போரின் நடுவே, பல்கலைக்கழகத்தை நடத்தியவர். துணைவேந்தர் பதவியே கட்டுரைக்குப் போதும். ஆனால் அவரை அந்தப் பதவியோடு நிறுத்திவிட்டால் பாதி மனிதரைத்தான் எழுதியிருப்போம்.

1963ஆம் ஆண்டு 'ஜியோடெக்னிக்' என்ற சஞ்சிகையில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா என்ற மூவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஈரக் களிமண் சுமையின் கீழ் எந்தக் கட்டத்தில் மீள முடியாதபடி உருமாறத் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்த கட்டுரை. கேம்பிரிட்ஜில் நடந்த அந்த ஆய்விலிருந்துதான் அந்நகரில் ஓடும் ஆற்றின் பெயரால் 'கேம் கிளே' என்று அழைக்கப்படும் மாதிரி வளர்ந்தது. மண் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள். அணைக்கட்டு, அத்திவாரம், சுரங்கப்பாதை என்று கணிக்கும் மென்பொருள்களில் அந்த மாதிரியும் அதன் திருத்திய வடிவமும் இருக்கின்றன.

தாக்கம் என்றால் இப்படிக் காட்ட வேண்டும். எந்தக் கட்டுரை, எந்த ஆண்டு, யாரோடு சேர்ந்து, அதை எடுத்து யார் என்ன செய்தார்கள். அவர் பிறந்த ஊரும் படித்த பாடசாலையும் பிறகு வரட்டும். கட்டுரையின் முதல் பந்தியில் அவருடைய களிமண் ஆய்வு இருக்க வேண்டும். பல வரைவுகளில் அது கடைசிப் பந்தியில் ஒரு வரியாகக் கிடக்கிறது, அல்லது அதுவும் இல்லை.

கூகுள் ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கை இத்தனை இருந்தால் போதும் என்று ஏதாவது கணக்கு உண்டா?

இல்லை, இருக்கவும் கூடாது. 2005ஆம் ஆண்டு ஹேர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச் சுட்டெண் பரவலாகப் பயன்படுகிறது. ஒருவருடைய எச் சுட்டெண் 20 என்றால், குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 அவருக்கு உண்டு என்று பொருள். மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்குப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள், மேற்கோள்களும் விரைந்து குவிகின்றன. தூய கணிதத்தில் அப்படியில்லை. வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஆய்வு நூல்களாக வருகிறது, நூலுக்குள் கிடக்கும் மேற்கோள்களை இந்தக் கருவிகள் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே ஒரு துறையின் எண்ணை இன்னொரு துறையின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அதே துறையில் அதே காலத்தில் ஆய்வு செய்தவர்களோடு ஒப்பிடுங்கள். நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அறுபதாவது பெயராக நிற்பவருக்கும் முதற்பெயராக நிற்பவருக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். தன்னைத் தானே மேற்கோள் காட்டியவை எத்தனை என்பதையும் பாருங்கள்.

தமிழிலேயே எழுதியவர்களின் நிலை? அவர்கள் எந்தச் சுட்டெண்ணிலும் வருவதில்லையே?

என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இது. ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்களில் தமிழ் ஆய்வுச் சஞ்சிகைகளைத் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் 'சிந்தனை' இதழில் வந்த ஒரு கட்டுரை ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியிருக்கலாம். சுட்டெண்ணில் அது பூச்சியம். தரவுத்தளத்தில் இல்லை என்பதால் தாக்கம் இல்லை என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. ஒரு கட்டுரையை வைப்பதா நீக்குவதா என்று பயனர்கள் பேசி முடிவு செய்யும் நீக்கல் உரையாடலில் யாராவது அப்படி வாதிட்டால் பொறுமையாக மறுத்துச் சொல்லுங்கள்.

மறுத்துச் சொல்வதற்கு எதையாவது கையில் வைத்திருக்க வேண்டும். அவருடைய நூலுக்கு வந்த மதிப்புரைகளைத் தேடுங்கள். பிறருடைய நூல்களின் உசாத்துணைப் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். அவருடைய கருத்தை எடுத்து விவாதித்தவர்கள், மறுத்தவர்கள் இருக்கிறார்களா? மறுப்பு மிகச் சிறந்த சான்று, ஏனென்றால் பொருட்படுத்தத் தகாத ஒன்றை மறுக்க யாரும் பக்கங்களைச் செலவிடுவதில்லை. இலக்கியத் திறனாய்வாளர்களான கைலாசபதியையும் சிவத்தம்பியையும் ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் ஈழத்திலும் தமிழகத்திலும் எழுதியவற்றை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். கைலாசபதியின் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968ஆம் ஆண்டு ஒக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது, சங்கப் பாடல்களை வாய்மொழி மரபாகக் காணும் அதன் வாதத்தோடு பின்வந்தவர்கள் இன்றும் உடன்பட்டும் முரண்பட்டும் எழுதுகிறார்கள். எந்தச் சுட்டெண்ணும் இல்லாமலே இது தாக்கத்தை நிறுவிவிடுகிறது.

பாடத்திட்டங்களும் பயன்படும். ஒரு நூல் பல பல்கலைக்கழகங்களில் பாடநூலாகவோ துணைநூலாகவோ இருந்திருந்தால், அந்தப் பாடத்திட்டத்தின் ஆண்டையும் நிறுவனத்தையும் குறிப்பிடுங்கள். ஒருவர் தம் மாணவர்களுக்குத் தம் நூலையே பரிந்துரைத்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விருதும் பட்டமும் நிறைய வாங்கியிருக்கிறார். பட்டியலிடலாமா?

பட்டியலிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தந்தது யார், எத்தனை பேருக்குத் தருகிறார்கள், எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஆண்டுதோறும் பலருக்கு வழங்கப்படும் கலாபூஷணம் போன்றவை மரியாதைக்குரியவை. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துக் கட்டுரை தொடங்க முடியாது. கோயில், சங்கம், சனசமூக நிலையம் பொன்னாடை போர்த்தி அளிக்கும் பட்டங்கள் ஊரின் அன்பைக் காட்டுகின்றன. அவற்றைக் குறித்து வைப்பதற்கு ஊர் மலர்கள் இருக்கின்றன.

கட்டணம் செலுத்தினால் வாழ்க்கைக் குறிப்பை அச்சிட்டுப் பதக்கமும் அனுப்பும் வெளிநாட்டு நிறுவனங்களின் கடிதங்களைப் பலர் பெருமையோடு காட்டுவதுண்டு. அவற்றைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். கட்டுரையைப் பார்வையிடும் பயனர் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பார், பிறகு உண்மையான சாதனைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

துணைவேந்தர், பீடாதிபதி, துறைத்தலைவர்: யாருக்கெல்லாம் கட்டுரை?

துணைவேந்தருக்கு உண்டு. 1974ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்த கைலாசபதிக்கும், 1979ஆம் ஆண்டு அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரான சு. வித்தியானந்தனுக்கும் பதவி அடிப்படையிலேயே இடமுண்டு. பீடாதிபதி, துறைத்தலைவர், பதிவாளர் பதவிகள் தனியே போதா.

கல்வெட்டையும் மணிவிழா மலரையும் ஆதாரமாகக் காட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் எழுதுகிற எவரும் முதலில் கையில் எடுப்பது இவற்றைத்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் மறைந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கப்படும் நினைவு நூலைத்தான் கல்வெட்டு என்கிறோம். அதைத் திறந்து பாருங்கள். அட்டையில் அமரரின் படம், தோற்றம், மறைவு. உள்ளே பஞ்சபுராணம். பிறகு வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, மனைவி மக்கள் புலம்பலாக அமைந்த பாடல்கள், உடன் பணிபுரிந்தவர்களின் இரங்கலுரைகள், கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் நன்றி நவிலல். அச்சிட்டவர்கள் குடும்பத்தார். எழுதியவர்கள் உறவினரும் நண்பரும். இழப்பின் முதல் மாதத்தில் எழுதப்பட்டது. அதில் குறை கூற எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அதனால்தான் அது சார்பற்ற மூலம் ஆவதில்லை. மணிவிழா மலரும் அப்படியே: விழாக் குழு கேட்டு வாங்கிய வாழ்த்துகளின் தொகுப்பு.

ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். பிறந்த திகதி, படித்த பாடசாலை, பணியேற்ற ஆண்டு போன்ற சர்ச்சையற்ற தகவல்களுக்கு இவற்றை எடுத்துக்கொள்ளலாம். பல சமயங்களில் இவற்றை விட்டால் வேறு வழியே இல்லை. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தையும் அந்த அளவுக்கு நம்பலாம். தகுதியை நிறுவுவதற்கு மட்டும் இவை உதவா. மலர்களில் இன்னொரு பயனும் உண்டு. நல்ல மணிவிழா மலர்களின் பின்பகுதியில் துறைசார்ந்த ஆய்வுக் கட்டுரைகளும், அந்த அறிஞர் எழுதியவற்றின் முழுப் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியல் பொன் போன்றது. அதை வைத்துக்கொண்டு மூலக் கட்டுரைகளையும் மதிப்புரைகளையும் தேடிப் போகலாம்.

வம்சாவழியிலுள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் வீட்டு முகவரியையும் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம். கல்வெட்டிலுள்ள வாழ்க்கை வரலாற்றை வரிக்கு வரி படியெடுப்பதும் பதிப்புரிமை மீறலாகும்.

நூலகம் எரிந்துவிட்டது, இடம்பெயர்வில் வீட்டு ஏடுகள் போய்விட்டன. இல்லாத ஆதாரத்தை எங்கே தேடுவது?

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் போரினால் மக்கள் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி வெறுமையானபோது வீடுகளில் இருந்த தாள்கள் கதியற்றுப் போயின. எங்கள் கல்வியாளர்களைப் பற்றிய சான்றுகள் மற்ற ஊர்களில் இருப்பதைவிட மெலிந்திருப்பதற்கு இவை உண்மையான காரணங்கள். இதை நீக்கல் உரையாடலில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆதாரம் எரிந்துவிட்டது என்பது ஆதாரத்துக்கு ஈடாகாது. எழுந்து தேடத்தான் வேண்டும், தேடினால் நினைப்பதைவிட அதிகம் கிடைக்கிறது.

முதலில் நூலகம் இணையத்தளம். 2005ஆம் ஆண்டு தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள், நினைவு வெளியீடுகள் என ஏராளமானவை வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) கிடக்கின்றன. பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிட வேண்டாம். துரைராஜா, துரைராசா, சிவத்தம்பி, சிவதம்பி, தலைப்பெழுத்து 'சு' என்றும் 'எஸ்' என்றும். நம்முடைய பழைய அச்சில் ஒரே மனிதர் நாலு விதமாக வருவார். வருடிய பக்கங்கள் பல படங்களாகவே இருப்பதால் தேடுபொறிக்கு அகப்படாதவை உள்ளே இருக்கும். பொருளடக்கப் பக்கத்தைக் கண்ணால் படிக்க வேண்டும்.

அடுத்தது, பல்கலைக்கழக நூலகத்தின் ஈழத்துத் தொகுப்பு. பிறகு கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடம், அங்கே பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து 1959 முதல் வந்த ஈழநாடு உள்ளூர்க் கல்விச் செய்திகளுக்குச் சுரங்கம். தமிழகத்துச் சிற்றிதழ்களை மறந்துவிட வேண்டாம், நம்மவர் நூல்களுக்கு அங்கே நல்ல மதிப்புரைகள் வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதியவராயின் வெளிநாட்டு ஆய்வுச் சஞ்சிகைகளின் மதிப்புரைப் பகுதியையும் பாருங்கள். ஆதாரம் இணையத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அச்சிலுள்ள நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் தெளிவாக இருந்தால் அது முழுமையான ஆதாரம்.

உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் விரிவுரையாளர் வந்திருக்கிறார். பத்திரிகையிலும் செய்தி வந்தது.

மகிழ்ச்சியான செய்தி. மேற்கோள்களை அடிப்படையாகக் கொண்டு தயாரிக்கப்படும் அந்தப் பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அதை மட்டும் வைத்துக் கட்டுரை தொடங்க வேண்டாம். அவருடைய முக்கியமான இரண்டு மூன்று ஆய்வுகள் எவை, அவற்றைப் பிறர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். வலுவாக இருந்தால் கட்டுரை அங்கிருந்தே எழும்.

இளம் ஆய்வாளர் விடயத்தில் பொறுத்திருப்பதே நல்லது. கலாநிதிப் பட்டம் பெற்ற அடுத்த ஆண்டே கட்டுரை தொடங்கி அது நீக்கப்பட்டால், பின்னாளில் உண்மையாகவே தகுதி வந்தபிறகும் பழைய நீக்கல் பதிவு குறுக்கே நிற்கும்.

நான் அவருடைய மாணவன். நான் எழுதலாமா? அவரே எழுதலாமா?

அவரே எழுதக் கூடாது. மாணவர் எழுதலாம், ஆனால் அந்தத் தொடர்பைக் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள். பிள்ளைகள் எழுதுவதைவிட, தேடியெடுத்த ஆதாரங்களை உரையாடல் பக்கத்தில் இட்டு வேறொருவரை எழுதக் கேட்பது மேல்.

மாணவர்கள் எழுதும் வரைவுகளில் அடிக்கடி காணும் நடை இது: "ஈழத்தமிழ் உலகுக்கு அளப்பரிய சேவையாற்றிய பேராசான் அவர்கள் பல நூல்களையும் எண்ணற்ற கட்டுரைகளையும் யாத்து மாணவர் நெஞ்சங்களில் நீங்கா இடம்பிடித்தார்." மரியாதையிலிருந்து பிறந்த வாக்கியம், அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதிலிருந்து வாசகர் என்ன தெரிந்துகொள்கிறார்? எந்த நூல் என்று தெரியவில்லை, எந்தத் துறை என்றுகூடத் தெரியவில்லை. "அளப்பரிய", "எண்ணற்ற" இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூலின் பெயரையும் ஆண்டையும் வையுங்கள். அவர் கண்டறிந்தது என்ன என்று ஒரு வரி, அதை ஏற்றவரோ மறுத்தவரோ யார் என்று இன்னொரு வரி. அந்த இரண்டு வரிகளும் அவருக்கு எந்த அடைமொழியையும்விடப் பெரிய மரியாதை.

தகுதி இருந்தும் கட்டுரை மறுக்கப்பட்டால்?

டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரைப் பற்றிய வரைவு போதிய ஆதாரம் இல்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பப்பட்டது. ஒக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகே கட்டுரை வந்தது. அப்போது உலகெங்கும் விக்கிப்பீடியாவைக் குறை சொன்னார்கள். ஆனால் அவர் ஏற்கனவே அமெரிக்காவின் ஒளியியல் கழகத்தின் தலைவராக 2013ஆம் ஆண்டில் இருந்தவர். அளவுகோலின்படி அன்றே தகுதி இருந்தது. வரைவில் அதற்குச் சார்பற்ற சான்று காட்டப்படவில்லை, மறுத்தவரும் தேடிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் சற்று உழைத்திருந்தால் போதும்.

ஆகவே நீக்கல் அறிவித்தல் வந்தால் கோபப்படாமல் எந்த அளவுகோலின் கீழ் தகுதி என்று ஒரே வரியில் சொல்லுங்கள், அதற்கான சான்றை அடுத்த வரியில் வையுங்கள். "இவர் எவ்வளவு பெரிய மனிதர் தெரியுமா" என்ற வாதம் அங்கே எடுபடாது. நண்பர்களைத் திரட்டி வந்து ஆதரவு தெரிவிக்கச் செய்வதும் கேடாகவே முடியும்.

பெண் கல்வியாளர்களைப் பற்றி எழுதும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வேண்டும். ஆவணங்களில் அவர்கள் திருமணத்துக்கு முன் ஒரு பெயரிலும் பின் ஒரு பெயரிலும் இருப்பார்கள், இரண்டிலும் தேடுங்கள். இணைந்து எழுதிய ஆய்வில் கணவரின் பங்கை மட்டும் பத்திரிகைகள் எழுதியிருக்கலாம், மூலக் கட்டுரையில் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத்தலைவராக இருந்தார். 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். உடற்கூற்றியல் மேற்கோள்களை எண்ணி அவருக்குத் தகுதி தேடுவது வீண். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், போர்க்காலத்து வன்முறையை ஆவணப்படுத்திய நூலின் இணையாசிரியர் என்ற வகையில் உலகெங்கும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தகுதி எந்த வழியாக வருகிறது என்று சரியாகக் கண்டுகொண்டால் கட்டுரையின் அமைப்பும் தானாகச் சரியாகிவிடும்.

எல்லாம் பார்த்துவிட்டோம். இப்போதைக்குத் தகுதி இல்லை. அப்படியே விட்டுவிடுவதா?

விட வேண்டாம். முதலில், தனிக் கட்டுரைக்குப் போதாத தகவல் வேறு கட்டுரைக்குள் அழகாகப் பொருந்தும். அவர் கட்டியெழுப்பிய துறையைப் பற்றியோ, நடத்திய சஞ்சிகையைப் பற்றியோ, படித்த பாடசாலையைப் பற்றியோ உள்ள கட்டுரையில் ஆதாரத்தோடு இரண்டு வரிகள் சேருங்கள்.

அடுத்தது, ஆதாரத்தை உண்டாக்கும் வேலை. வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கும் மரபு இந்த மண்ணுக்குப் புதிதன்று. மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டிலேயே 'அபிதான கோசம்' வெளியிட்டார். அவரைப் போன்றவர்கள் தொகுக்காமல் விட்டிருந்தால் அந்தக் காலத்துப் புலவர் பலரின் பெயர்கூட நமக்கு எட்டியிருக்காது. இன்று ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் உங்கள் ஆசிரியரின் நூலுக்கு மதிப்புரை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்புங்கள். அவருடைய ஆய்வுப் பணியை மதிப்பிடும் கட்டுரையை, அவரோடு தொடர்பற்ற ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். வீட்டிலுள்ள பழைய இதழ்களை வருடுவதற்கு, மேலே சொன்ன நூலகம் இணையத்தளத்தை நடத்தும் நூலக நிறுவனத்திடம் கொடுங்கள்.

நேர்காணலும் எடுங்கள். அவர் தம் வாயால் சொல்வது தகுதியை நிறுவாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அதுதான் காட்டும். எந்தச் சஞ்சிகையில் எந்த ஆண்டு எழுதினார், யார் மதிப்புரை எழுதினார்கள், எந்த மாநாட்டில் எந்தக் கட்டுரை படித்தார், யார் எழுந்து மறுத்தார்கள் என்று கேளுங்கள். ஞாபகம் பிசகும், ஆண்டுகள் ஒன்றிரண்டு முன்பின்னாக வரும், ஆகவே ஒவ்வொன்றையும் அச்சோடு ஒத்துப்பாருங்கள். கிடைத்த ஒவ்வோர் இதழிலும் அட்டை, பொருளடக்கம், உரிய பக்கங்கள் மூன்றையும் படம் எடுத்து, இதழ் எண்ணையும் திகதியையும் அதனோடு குறித்து வையுங்கள்.